துபாயிலிருந்து திரும்பும்போது பயண நேரம் குறைவது ஏன்?

மார்த்தாண்டத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது: "திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போவதைவிட, அங்கிருந்து திரும்பி வருவதற்கு அரை மணி நேரம் வரை குறைவாக ஆகிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, கிழக்கே வரும் விமானம்தானே பிந்த வேண்டும்?"

அருமையான கேள்வி. களியக்காவிளையைத் தாண்டி வளைகுடாவுக்கு ஆள் போகாத ஊர் நம் பக்கத்தில் ஏது? டிக்கெட்டில் இருக்கும் நேரங்களைக் கழிப்பவர்கள், துபாய் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்தங்கியது என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தின் தரை மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஓடுபாதை, விமானம், காற்று எல்லாமே அதோடு சேர்ந்து நகர்கின்றன. ஆகவே பூமி விமானத்துக்கு அடியில் நழுவிப் போவதில்லை. வித்தியாசம் காற்றால் வருவது. நேர்த்தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். காற்றை ஊடுருவி மணிக்கு 850 கிலோமீட்டரில் பறக்கும் விமானத்தை 60 கிலோமீட்டர் வேக மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, எதிர்த்தால் 3 மணி 44 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 3 மணி 14 நிமிடம் போதும்.

அந்த மேல்காற்று எங்கிருந்து வருகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நிலநடுக்கோட்டருகே சூடேறிய காற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் எழும்பி வடக்கே பரவுகிறது. சுற்றும் குடைராட்டினத்தில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நடந்து பாருங்கள்; விளிம்பின் வேகம் உங்களோடு வருவதால், சுற்றும் திசையிலேயே முன்னே தள்ளப்படுவீர்கள். காற்றும் அப்படித்தான். நிலநடுக்கோட்டில் பூமியோடு சேர்ந்து 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிய காற்று, 30 டிகிரி வடக்குக்குப் போகும்போது பூமியின் அச்சை நெருங்குகிறது. கோண உந்தம் (வேகத்தையும் அச்சிலிருந்துள்ள தூரத்தையும் சேர்த்துப் பெருக்கிய அளவு) மாறாதிருந்தால் அதன் வேகம் 1,930 ஆக வேண்டும். அங்கே தரையின் வேகமோ 1,450தான். எஞ்சிய 480 கிலோமீட்டர் வேகமும் மேற்கிலிருந்து வீசும் காற்றாகிவிடும்! சுழல்களும் கலப்பும் அதைக் குறைத்துவிடுகின்றன. இருந்தாலும் குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல் ஜெட் காற்று எனப்படும் இந்த உயரத்து வேகக் காற்று 200 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. துபாய் இருப்பது 25 டிகிரியில். விமானம் அதை நெருங்க நெருங்க இந்தக் காற்றின் தெற்கு ஓரத்துக்குள் நுழைகிறது.

ஆக, வாசகர் பூமியின் சுழற்சியைச் சந்தேகித்தது சரியே. சுழற்சி விமானத்தை நேராகத் தொடாமல், காற்றின் வழியாகத் தொடுகிறது.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேல் இது தலைகீழாகிவிடும். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு ஜெட் காற்று வீசும். அதை 1958இல் விரிவாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். அதற்குச் சற்றுக் கீழே பறக்கும் விமானத்துக்கு, ஆடி மாதத்தில் துபாய் போகும் வழியின் முதல் பகுதியில் பின்காற்றே கிடைக்கலாம்.

இதையெல்லாம் நமக்குச் சொன்னவை கருவி கட்டிப் பறக்கவிடும் பலூன்கள். திருவனந்தபுரத்திலிருந்தும் அவை மேலேறுகின்றன. இந்த அளவீடுகளுக்கான நிதியில் ஒரு ரூபாயும் குறையக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது என்ற முடிவுகளுக்கு அடிப்படை அந்தக் காற்றுக் கணக்குதான்.