பிக்கப்புக்கு டயர் மாற்றும்போது பக்கச் சுவரைப் படியுங்கள்

பிக்கப்புக்கு டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது பட்டனைத்தான், அதாவது ரோட்டில் படும் ரப்பர் கட்டைகளை. கட்டை கட்டையாக, ஆழமாக இருந்தால் நல்ல டயர் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆனால் பிக்கப் என்பது காலையில் காலியாகப் போய், மாலையில் ஒரு டன் ஏற்றிக்கொண்டு திரும்புகிற வண்டி. அந்த ஒரு டன்னை எது தாங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தாங்குவது காற்று. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். லோடோடு சேர்த்து வண்டி 2,400 கிலோ என்றால், சமமாகப் பிரித்தால் ஒரு டயருக்கு 600 கிலோ. உள்ளே 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம்) காற்று இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 2.46 கிலோவைத் தாங்கும். 600ஐ 2.46ஆல் வகுத்தால் 244 சதுர சென்டிமீட்டர். அதாவது 16க்கு 15 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சின்னத் துண்டுதான் ரோட்டில் பதிகிறது. பக்கச் சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமப்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் பிரேக், திருப்பம், இழுவை எல்லாமே இப்படிப்பட்ட நான்கு துண்டுகள் வழியாகத்தான் நடக்கின்றன.

ரிம் டயரின்மேல் உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் அது தொங்குகிறது. பக்கச் சுவருக்குள் ஓடும் நூல்களை உள்ளிருக்கும் காற்று எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கிறது. ரோட்டைத் தொடும் இடத்தில் சுவர் பிதுங்குவதால் அங்கே கீழ்நோக்கிய இழுப்பு தளர்கிறது. மேலே உள்ள நூல்களின் இழுப்பு அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் வண்டியைத் தூக்கி நிறுத்துகிறது. சைக்கிள் சக்கரத்தின் மெல்லிய கம்பிகள் ஒரு ஆளைத் தாங்குவதும் இதே போலத்தான். 1946இல் மிஷெலின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயரில் இந்த நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடுகின்றன. பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டைகள் சுற்றியிருக்கின்றன. இன்று நாம் வாங்கும் பிக்கப் டயர்கள் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

சரி, காற்று குறைந்தால் என்ன ஆகும்? பிதுங்கல் கூடும். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 400 தடவை சுற்றும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பக்கச் சுவரின் ஒவ்வொரு இடமும் நொடிக்கு 11 தடவை மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவான சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு ரப்பர் பந்தைக் கீழே போட்டால் விட்ட உயரத்துக்கு அது எழும்புவதில்லை அல்லவா? காணாமல் போன அந்தச் சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. டயரிலும் அதுவே நடக்கிறது. லோடு அதிகம், காற்று குறைவு, வேகம் அதிகம், வெயில் வேறு என்றால் வெப்பம் வெளியேறுவதைவிட வேகமாகச் சேர்கிறது. எஃகுப் பட்டைக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள ஒட்டு தளர்ந்து, கடைசியில் பட்டன் பகுதி உரிந்து பறக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் ரப்பர் பட்டைகளில் பலவற்றின் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது.

இப்போது பக்கச் சுவருக்கு வருவோம். எல்.டி. 265/70 ஆர் 17 121/118 எஸ் என்று ஒரு டயரில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 185.5 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கடைசியிலுள்ள எஸ், மணிக்கு 180 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு. நடுவிலுள்ள 121தான் நமக்கு முக்கியம். அது கிலோ கணக்கு அல்ல, ஒரு குறியீட்டு எண். அட்டவணைப்படி 121 என்றால் 1,450 கிலோ. பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டிய வண்டிக்கு 118, அதாவது டயருக்கு 1,320 கிலோ. நான்கு டயரால் பெருக்கி, அவ்வளவு ஏற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அச்சும் ஸ்பிரிங்கும் தாங்கும் எடை வேறு. வண்டிக்கு விதித்த வரம்புதான் கடைசி வரம்பு.

முன்னால் வரும் எல்.டி. என்ற இரண்டெழுத்து, இலகு சுமைவண்டிக்கானது என்பதைச் சொல்கிறது. அந்த இடத்தில் பி. இருந்தால் பயணிகள் கார் ரகம். இரண்டும் ஒரே அளவில் கிடைக்கும், ஒரே ரிம்மில் ஏறும், ஆனால் உள்ளே கட்டுமானம் வேறு. எல்.டி. டயரில் நூல்கள் வலுவானவை, ரப்பர் தடிமன், பட்டன் ஆழம் அதிகம், எடையும் கூடுதல். அதிலேயே சி, டி, இ என்று படிகள் உண்டு. 6, 8, 10 பிளை என்று கடைகளில் சொல்வது இதைத்தான். பருத்தி நூல் காலத்தில் அத்தனை அடுக்குகள் உண்மையாகவே இருந்தன. இன்று வலுவுக்கான பெயராக மட்டும் அந்த எண் நிற்கிறது. இ படி டயர்களில் பெரும்பாலானவை 80 பி.எஸ்.ஐ. வரை காற்றுப் பிடிக்கும்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. பி. டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் சுமைத் திறனை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி, அதை மறந்துவிடுவது முதல் தவறு. 1,150 கிலோ டயர் அங்கே 1,045 கிலோ டயர்தான். இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது, எனக்கு அதிகம் கவலை தருவதும் அதுதான். பி. டயரோடு வந்த வண்டிக்கு வலுவான எல்.டி. டயர் வாங்கி மாட்டிவிட்டு, கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அதே 35 பி.எஸ்.ஐ.யை அடித்துக்கொண்டு போவார்கள். ஒரே அழுத்தத்தில் எல்.டி. டயர் தாங்கும் சுமை பி. டயரைவிடக் குறைவு. அதன் வலு கூடுதல் காற்றோடு சேர்ந்துதான் வரும். எவ்வளவு கூட்டுவது என்பதைத் தயாரிப்பாளரின் சுமை அட்டவணை சொல்லும். வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தத்தையும் அப்படியே அடிக்கக் கூடாது. அது டயரின் எல்லை, உங்கள் வண்டியின் தேவை அல்ல.

வலு கூடினால் எல்லாம் நல்லது என்றும் இல்லை. விறைப்பான இ டயர் காலி வண்டியில் குதிக்கும், பின்பக்கம் ஈரத்தில் பிடிப்பை எளிதில் இழக்கும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். மாதத்தில் ஒருநாள் மட்டும் லோடு ஏற்றுபவர் அதற்காக மீதி நாளெல்லாம் இந்தச் சிரமத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

பட்டன் விஷயம் சுருக்கமாகச் சொன்னால் போதும். நெடுஞ்சாலை ரகத்தில் இடைவெளி குறைவு, சத்தமும் குறைவு. சேற்று ரகத்தில் கட்டைகள் பெரிது, சேற்றை வாரி எறியும். ஆனால் தார் ரோட்டில் ஒவ்வொரு கட்டையும் நெளிவதால் இரைச்சலும் தேய்மானமும் கூடும், ஈரத் தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது எல்லா நில ரகம்.

அளவைக் கூட்ட ஆசைப்படுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 265/70க்குப் பதில் 285/70 மாட்டினால் விட்டம் 803 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது. மீட்டர் 100 காட்டும்போது, முன்பு சரியாகக் காட்டிய வண்டி 103.5இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் கியருக்கும் அதே விகிதத்தில் பாரம் கூடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு விட்டம் இருந்தால் பற்சக்கரப் பெட்டி ஓயாமல் முறுக்கப்பட்டுத் தேயும். அதனால் நான்கையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது. மற்ற வண்டிகளில் இரண்டு மட்டும்தான் வாங்க முடியும் என்றால் புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும்.

காசு கொடுக்கும் முன் டயரின் வயதையும் பார்த்துவிடுங்கள். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2324 என்றால், 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்த நான்கு இலக்கமும் சில சமயம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஓடாமல் கிடந்தாலும் ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி, அதில் வெடிப்பு விழ வைக்கும். பட்டன் நன்றாக இருக்கும் ஸ்டெப்னியை நம்பி பத்து வருடம் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

புதியதை மாட்டுவதற்கு முன்னால் கழற்றிப்போட்ட பழைய டயரை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு பிழைத்திருந்தால் இத்தனை நாள் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடுவில் மட்டும் மொட்டையானால் லோடுக்கு மீறிய காற்று. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கோளாறு. அதை அன்றே சரிசெய்யாமல் புது டயரை மாட்டினால், அந்த டயரும் அதே ஓரத்தில் தேயத் தொடங்கும்.