ஜவ்வை ஒட்டியாச்சு, இன்னும் ஏன் கேட்கவில்லை?

போன வாரம் பள்ளிபாளையத்திலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் வந்தார். வயது 54. உட்காருவதற்கு முன்பே ஃபைலை மேஜையில் போட்டு, "ஏமாத்திட்டாங்க மேடம். காது ஜவ்வு ஓட்டைக்கு ஆபரேஷன் பண்ணி ஆறு மாசமாச்சுங்க, இன்னும் பாதிதான் கேக்குது" என்றார். நல்ல உரத்த குரல். வெளிக்காது, நடுக்காதில் மட்டும் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் மெல்லத்தான் பேசுவார்கள். கத்திப் பேசினால் உள்காதையும் சேர்த்துச் சந்தேகப்படுவது எங்கள் தொழில் புத்தி.

இதே புகாரோடு இந்த மாதம் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபைலில் ஆபரேஷனுக்கு முந்தைய ஆடியோகிராம், அதாவது எவ்வளவு சத்தம் கொடுத்தால் கேட்கிறது என்று அளந்த வரைபடம், இருந்தது. ஹெட்போனில் சத்தம் கொடுத்தபோது 70 டெசிபலில்தான் கையைத் தூக்கியிருக்கிறார். காதுக்குப் பின்னால் எலும்பில் கருவியை வைத்துக் கொடுத்தபோது 40-லேயே தூக்கிவிட்டார். எலும்பு வழியாகப் போகும் சத்தம் ஜவ்வுக்காகக் காத்திருக்காது, நேரே உள்காதுக்குப் போய்விடும். ஆக, நடுவில் இருக்கும் 30 ஜவ்வு ஓட்டையின் கணக்கு. மீதி 40 உள்காதின் கணக்கு. ஒரே காதில் இரண்டு கணக்கும் இருந்தால் அதற்குப் பெயர் கலப்புச் செவித்திறன் குறைபாடு.

ஆபரேஷன் முதல் கணக்கை மட்டும்தான் தீர்க்கும். ஹெட்போனில் 70-ல் கேட்டவருக்கு இப்போது 45-லேயே கேட்கிறது. உண்மையில் நல்ல ரிசல்ட்! ஆனால் அந்த 40-ஐப் பற்றி யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

ஜவ்வு கேட்பதில்லைங்க. அது அதிரும், அவ்வளவுதான். கேட்கிற வேலை, நத்தைக்கூடு மாதிரி சுருண்ட உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்களுடையது. செத்துப்போனால் அவை மறுபடி முளைக்காது. தைக்க முடியாது, ஒட்ட முடியாது, எண்ணெய் விட்டு எழுப்பவும் முடியாது. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவருக்கு அந்தச் செல்கள் போனது முப்பது வருடத் தறிச் சத்தத்தில். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் 85 டெசிபலைத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலிருந்து வடிந்த சீழும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும்.

வயதானவர்களிடம் இதே கதை வேறு மாதிரி வரும். காது அழுக்கை எடுத்ததும் பாட்டிக்குக் கொஞ்சம் கேட்கும், முழுசாகக் கேட்காது. உடனே "சரியா எடுக்கலை" என்று இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போவார்கள். அழுக்கு போய்விட்டது. வயது போகுமா?

சீழ் வடியும் காதில் எதையும் ஊற்றாதீர்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஜென்டாமைசின் மாதிரி மருந்துகள் ஓட்டை வழியாக உள்ளே போய் இருக்கிற செல்களையும் கெடுக்கலாம். சீழ் நாறினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன், தயவுசெய்து ஒரே ஒரு கேள்வி: "எலும்பு வழியில எனக்கு எவ்வளவு?" அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய எல்லை. அதற்கு மேல் வேண்டுமானால் காது மெஷின்.

மெஷின் என்றதும் முகம் சுளித்தார். போட்டுப் பார்த்து, வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்ததும் திரும்பினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

கூட வந்த மகனும் தறி ஓட்டுகிறவர், 26 வயது. "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றவரை விடாமல் அறைக்குள் உட்கார வைத்தேன். 4000 ஹெர்ட்ஸில், அதாவது தறிச் சத்தம் முதலில் கெடுக்கும் கீச்சு ஒலியில், கோடு இறங்கியிருந்தது. இரண்டு காதிலும்.

"பஞ்சு வெச்சுக்கிட்டா போதுங்களா?" என்றார் அப்பா.

பஞ்சு போதாது. மகனுக்குக் காதுக்குள் செருகும் ஃபோம் பிளக். அப்பா காதில் மறுபடி ஈரம் கட்டக்கூடாது என்பதால் அவருக்கு வெளியே மூடுகிற இயர்மஃப். இரண்டும் ஈரோட்டிலேயே கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.