200 அடிக் கல் வளைவும் மர ஆப்புகளும்

தளம் போட அடிக்கிறோமே சென்ட்ரிங், அந்தச் சொல் கல்லில் வளைவு கட்டியவர்களிடமிருந்து வந்தது. அவர்களில் ஒருவர் தாமஸ் ஹாரிசன் என்ற கட்டடக் கலைஞர். 1744-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து, ரோமில் படித்தவர். லண்டனில் கடை விரிக்காமல் லங்காஸ்டர், செஸ்டர் என்று வெளியூர்களிலேயே காலம் தள்ளினார். 1815-ல் செஷயர் கவுண்டியின் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பொதுக் கட்டடங்களையும் பாலங்களையும் கவனிக்கும் சர்வேயர் ஆனார். பாலம், சிறை, நீதிமன்றம் எல்லாம் அவர் கைவேலைதான்.

செஸ்டரில் டீ ஆற்றின் குறுக்கே அவர் வரைந்த குரோவ்னர் பாலத்துக்கு நடுவில் தூணே கிடையாது. கப்பல் போக வழி வேண்டும். 200 அடி அகலத்தை ஒரே கல் வளைவு தாண்ட வேண்டும்.

கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குவதால் இழுப்புக்கு இடமில்லை. ஆனால் அந்த நெருக்கல் கடைசியில் இரு கரைகளிலும் போய் முட்டும். 200 அடிக்கு அரைவட்டம் என்றால் 100 அடி உயரம் வேண்டும். ஹாரிசன் வைத்தது சுமார் 42 அடி. வளைவு தட்டையாக ஆக, பக்கவாட்டு உதைப்பு ஏறும்; உயரம் பாதியானால் உதைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. பாலத்தின் உண்மையான பலம் கண்ணுக்கு அதிகம் படாத கரைச் சுவர்களில்தான் இருக்கிறது.

சரி, கடைசிக் கல் வைக்கும்வரை மற்ற கற்கள் எதன்மேல் நிற்கும்? மரச் சாரத்தின்மேல்; அதுதான் சென்ட்ரிங். ஒப்பந்தக்காரர் ஜேம்ஸ் ட்ரப்‌ஷா ஆற்றில் தற்காலிகத் தூண்கள் எழுப்பி, அவற்றிலிருந்து விசிறிபோல் மரங்களை விரித்தார். என்னைக் கேட்டால் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அதற்கு மேலே இருந்த ஆப்புகளில்தான். ஒவ்வொரு கல் வரிசைக்கும் கீழே ஜோடி ஜோடியாக ஆப்பு. எதிரெதிராகச் செருகிய இரண்டையும் மெல்லத் தட்டித் தளர்த்தினால் அந்த வரிசை மட்டும் மயிரிழை இறங்கும். சாரத்தை ஒரேயடியாக உருவினால் பாரம் சில கற்களின் விளிம்பில் குவிந்து அவற்றை நொறுக்கிவிடும். இதற்காகவே கரையோரக் கற்களின் இடுக்கில் ஈயத் தகடும் வைத்தார்கள். ஈயம் நசுங்கி, அழுத்தத்தைக் கல்லின் முகம் முழுக்கப் பரப்பும்.

ஹாரிசன் 1829-லேயே இறந்துவிட்டார். ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளரின் மேற்பார்வையில் வேலை தொடர்ந்தது. 1832 அக்டோபரில், பின்னாளில் ராணியான 13 வயது விக்டோரியா திறந்துவைத்தார். அப்போது உலகிலேயே நீளமான ஒற்றைக் கல் வளைவு அதுதான். சுமார் 30 வருஷம் அந்தப் பெயர் நிலைத்தது. இன்று அதன்மேல் லாரியும் பஸ்ஸும் ஓடுகின்றன.