ஊட்டுவது வேறு, கொல்ல வைப்பது வேறு: ஆப்பிரிக்க மொழிகளில் பிறவினை

கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலியில் "மாமா அனாம்லிஷா ம்டோடோ உஜி" என்றால் அம்மா குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிறாள் என்று அர்த்தம். இதில் "அனாம்லிஷா" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே முக்கால் வாக்கியம் இருக்கிறது. அ என்பது அவள், னா நிகழ்காலம், ம் அந்தக் குழந்தை, ல் என்பது உண், அப்புறம் வருகிற இஷ் தான் "செய்ய வை". கடைசியில் நிற்கும் அ, வினைக்கு வழக்கமாக வரும் முடிவு, அவ்வளவுதான்.

பிறவினை ஆக்கும் இந்த இஷ், வேரில் எ அல்லது ஒ இருந்தால் எஷ் ஆகிவிடும். ச்செக்கா என்றால் சிரி, ச்செக்கேஷா என்றால் சிரிக்க வை. சோமா என்றால் படி, சோமேஷா என்றால் படிக்க வை; பள்ளிக் கட்டணம் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கிற அப்பாவுக்கும் இதே சொல்தான்.

இதைவிடப் பழைய வழி ஒன்றும் சுவாஹிலியில் ஒளிந்திருக்கிறது. வாக்கா (விளக்கு எரி) என்பதன் பிறவினை வாஷா (ஏற்று). லாலா (தூங்கு) லாஸா ஆகிறது, ஓகோபா (பயப்படு) ஓகோஃப்யா ஆகிறது. விகுதி எங்கே போனது? சுவாஹிலி சேர்ந்திருக்கும் பாண்டு மொழிக் குடும்பத்தின் மூதாதை மொழியில், நாக்கை அண்ணத்துக்கு மிக நெருக்கமாக உயர்த்தி ஒலிக்கும் ஓர் இகரம் பிறவினை விகுதியாக இருந்தது. அந்த இடுக்கில் காற்று உரசிப் போகும்போது முன்னால் இருந்த க், ல், ப் எல்லாம் ஷ், ஸ், ஃப் என்று சீறும் ஒலிகளாகத் திரிந்தன. காலப்போக்கில் அந்த இகரம் பல சொற்களில் தேய்ந்து மறைந்தது, அது கிளப்பிய சீறல் மட்டும் நிலைத்துவிட்டது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சரி, எத்தியோப்பியாவுக்குப் போவோம். அங்கே பேசப்படும் அம்ஹாரிக் மொழி, அரபியும் ஹீப்ருவும் இருக்கும் செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது, அங்கே பிறவினைக் குறி வினைக்கு முன்னால் வரும், அதுவும் இரண்டு உண்டு: அ, அஸ். செயப்படுபொருள் குன்றிய வினைக்கு அ. வெத்தா என்றால் வெளியே போனான், அவெத்தா என்றால் வெளியே எடுத்தான், ஆள் வைத்து எடுக்கச் செய்தால் அஸ்வெத்தா. செயப்படுபொருள் உள்ள வினைக்கு அஸ். கெத்தெலெ என்றால் கொன்றான், அஸ்கெத்தெலெ என்றால் இன்னொருவனைக் கொண்டு கொல்ல வைத்தான்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் "உண்டான்" என்பதற்கும் அஸ்தான் வரவேண்டும், உண்ணப்படுகிற பொருள் ஒன்று இருக்கிறதே! ஆனால் பெல்லா (உண்டான்) என்பதிலிருந்து ஊட்டினான் என்பதற்கு வருவது அபெல்லா. தெத்தா (குடித்தான்) அதெத்தா ஆகிறது, லெப்பெஸெ (உடுத்தினான்) அலெப்பெஸெ ஆகிறது. மூன்றுமே "வெளியே போனான்" கூட்டத்தோடு சேர்ந்துகொள்கின்றன.

காரணம் செயலின் பலன் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. கொல்லும்போது மாற்றம் முழுவதும் எதிரில் இருப்பவனுக்கு. உண்ணும்போது சோறு தீர்ந்துபோனாலும், பசி அடங்கி வயிறு நிறைவது உண்டவனுக்குத்தான். செய்தவனிடமே பலன் திரும்புவதால் உண்ணுதல் பாதி அளவுக்கு, செயப்படுபொருள் வேண்டாத தூங்குதல் மாதிரி. அதனால்தான் ஒருவரை உண்ண வைப்பது, அவரை நேரடியாகத் தொட்டு மாற்றுகிற செயலாக எண்ணப்படுகிறது, ஆனால் ஒருவனைக் கொல்ல வைப்பதில் ஏவியவன் எங்கோ தூரத்தில் நிற்கிறான்.

இது அம்ஹாரிக்கின் தனிக் குணமாக இருக்கும் என்று தள்ளிவிட முடியாது. நைஜீரியாவிலும் நைஜரிலும் பேசப்படும் ஹவுசாவைப் பாருங்கள். அங்கே அர் என்ற முடிவும் அதையடுத்து "த" என்ற சொல்லும் வந்தால் பிறவினை: ஃபிதா (வெளியே போ) ஃபிதர் த (வெளியேற்று) ஆகிறது. இதே உருவத்தில் ச்சி (உண்) ச்சியர் த (ஊட்டு) ஆகிறது, ஷா (குடி) ஷாயர் த ஆகிறது, கற்றுக்கொள்ளுதல் கற்பித்தலாகிறது. கற்பதிலும் பலன் கற்றவனுக்குத்தானே! மற்றபடி ஒருவரை ஏவி ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்கு ஹவுசாவில் "சா" என்ற தனி வினையே உண்டு, அதன் அடிப்படைப் பொருள் "வை". கானாவின் அக்கான் மொழியில் அந்த இடத்துக்கு "மா" வருகிறது. அதற்கு நேர்ப்பொருள் "கொடு", செய்ய வைத்தாலும் அதுதான், செய்ய விட்டாலும் அதுதான். எது என்பதைப் பேச்சின் சூழல்தான் சொல்லும்.