கியூபிசம்: தமிழில் கனவடிவியம்

ஒரு பொருளை முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தால் கிடைக்கும் தோற்றங்களை ஒரே பரப்பில் சேர்த்து வரையும் பாணி கியூபிசம். பாரிசில் பிக்காசோ, பிராக் என்ற இரு ஓவியர்கள் தொடங்கியது.

சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'கூபோஸ்', அதாவது பகடைக்காய். இலத்தீன் வழியே பிரெஞ்சுக்கு வந்து 'கியூப்' ஆயிற்று. 1908இல் பிராக்கின் நிலக்காட்சிகளைப் பார்த்த விமர்சகர் லூயி வோக்செல், இவர் எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிடுகிறார் என்று எழுதினார். ஏளனமாகச் சொன்னதுதான், பெயராக நிலைத்துவிட்டது.

கணக்குப் பாடத்துக் 'கனசதுரம்' இருக்கிறதே என்று 'கனசதுரவியம்' என்றால், வாசகர் படத்தில் சதுரக் கட்டிகளைத் தேடத் தொடங்குவார். 'கனவடிவியம்' மேல். பெண்ணியம், மார்க்சியம் போல 'இயம்' ஈறும் இயல்பாகப் பொருந்துகிறது.

பிக்காசோவின் 'கெர்னிகா' ஓவியத்தில் அப்படித் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 1937 ஏப்ரல் 26, சந்தை நாள். வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள கெர்னிகா நகரின்மீது, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் கிளர்ச்சித் தளபதி பிராங்கோவுக்குத் துணைநின்ற ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. பாரிசில் பத்திரிகைகள் வழியே செய்தியறிந்த பிக்காசோ, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் ஏழே முக்கால் மீட்டர் அகலமும் உள்ள இந்த ஓவியத்தைச் சில வாரங்களில் முடித்தார். கறுப்பு, வெள்ளை, சாம்பல் தவிர வேறு நிறமில்லை. குதிரையின் உடலெங்கும் சின்னஞ்சிறு கோடுகள், அச்சடித்த செய்தித்தாளின் வரிகளைப் போல.

இடது ஓரத்தில் இறந்த குழந்தையை ஏந்திய தாயைப் பாருங்கள். தலை பின்னால் சாய்ந்து பக்கவாட்டில் தெரிகிறது, ஆனால் இரண்டு கண்களும் நம் பக்கம். கண்களே கண்ணீர்த்துளி வடிவம், நாக்கு கத்திமுனை. ஒரே கோணத்தில் வரைந்திருந்தால் அவள் துயரத்தில் பாதிதான் தெரிந்திருக்கும். கனவடிவியம் இங்கே அலங்காரமல்ல, அலறலை முழுமையாகக் காட்டும் வழி.

அவளுக்கு மேலே நிற்கும் காளை எதன் குறியீடு? ஸ்பெயினே அது என்பார் உண்டு. 1945இல் பிக்காசோ, காளை கொடுமையும் இருளும், குதிரை மக்கள் என்றார். பின்னர், காளை காளைதான், குதிரை குதிரைதான் என்று விளக்கவே மறுத்தார். நான் அவருடைய 1945 கூற்றின் பக்கம்: விலாவில் ஈட்டி பாய்ந்து சரியும் அந்தக் குதிரையை வேறெப்படியும் என்னால் வாசிக்க முடியவில்லை.