கிராண்ட் முடிந்த மறுநாள் யார் இருப்பார்கள்?

நான் டாக்டர் இல்லை. மருத்துவ ஆராய்ச்சிகளுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பவன். அதனால் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகே வருவார்கள். போன மாதமும் ஒரு பேராசிரியர் வந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கூட்டு ஆராய்ச்சி நிதியில் (கிராண்ட்) மூன்றாண்டு புராஜெக்ட். "அனாலிசிஸ் மட்டும் செஞ்சு கொடுங்க சார், பேப்பர் நாங்க எழுதிக்கிறோம்" என்றார். சரி, டேட்டா எங்கே? கூட்டாளியின் சர்வரில் இருக்கிறதாம். புராஜெக்ட் முடிந்த அன்றே இவருடைய லாகின் காலாவதி. அங்கே பொறுப்பில் இருந்தவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். தன் மாவட்டத்து மக்களின் சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க இவர் யாரிடமோ மின்னஞ்சலில் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

இது முதல் தடவை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஆராய்ச்சித் திறனை வளர்க்க நிதி வருகிறது என்றதும் நம் கல்லூரிகளில் முதலில் தயாராவது கருவிப் பட்டியல்தான். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் கட்டாயம் அதில் இருக்கும். அதை வாங்கி, ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டால் ஆராய்ச்சி நிலையம் ஆகிவிட்டோம் என்ற நினைப்பு. அந்த ஃப்ரீசருக்கு ஏசி அறை வேண்டும். கரண்ட் போனால் தானாக ஓடும் ஜெனரேட்டர் வேண்டும். ஃபில்டரில் தூசி தட்ட ஆள் வேண்டும், ராத்திரி அலாரம் அடித்தால் எழுந்து வர இன்னொரு ஆள் வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். ஓரிடத்தில் ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். உள்ளே பெட்டிகள் அப்படியே இருந்தன; குப்பிகளின் லேபிள்கள் ஈரத்தில் உரிந்து எது யாருடைய ரத்தம் என்றே தெரியவில்லை. ஃப்ரீசரின் தலையில் பழைய ரிஜிஸ்டர்கள். பராமரிப்பு ஒப்பந்தம் கிராண்டோடு முடிந்துவிட்டதாம்.

கருவி ஆராய்ச்சி செய்யாது. கேள்வியை ஒழுங்காக வடிவமைக்கத் தெரிந்தவர், படிவத்தோடு நாலாவது தடவையும் அதே வீட்டுக் கதவைத் தட்டும் களப்பணியாளர், வயது 430 என்று பதிவானதை அன்றைக்கே பிடிக்கும் டேட்டா மேனேஜர், இவர்கள்தான் செய்கிறார்கள். நாம் இவர்களைப் 11 மாத ஒப்பந்தத்தில் எடுத்து, மூன்றாண்டு பழக்கி, நிதியைச் செலவழித்துவிட்டோம் என்று கணக்குக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பிய கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அடுத்த கிராண்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

இதைச் சரியாகச் செய்து காட்டிய ஊர் சென்னை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டோடு இருக்கும் நோயாளியும் ஒழுங்காக மருந்து எடுத்தால் சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் மருத்துவமனை) இருப்பவரைப் போலவே குணமாகிறார் என்று 1959-ல் அது வெளியிட்ட முடிவு, உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. எனக்கு அந்த முடிவை விட அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வாலஸ் ஃபாக்ஸ் முதலிய வெளிநாட்டு நிபுணர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களோடு வேலை பார்த்த உள்ளூர் டாக்டர்களும் புள்ளியியலாளர்களும் ஆய்வைத் தொடர்ந்தார்கள். ஐ.சி.எம்.ஆர். மையத்தைத் தன் நிரந்தர நிறுவனமாக்கிக்கொண்டது. சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

ஆகவே, அடுத்த முறை ஒப்பந்த வரைவு வந்தால் தயவுசெய்து பின்னிணைப்பு வரை படியுங்கள். டேட்டாவின் முழுப் பிரதி உங்கள் கல்லூரியிலும் இருக்கும், புராஜெக்ட் முடிந்த பிறகும் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். ரத்த மாதிரி வெளிநாட்டுக்குப் போகிறதா? மீந்ததை என்ன செய்வார்கள், கட்டுரையில் யார் பெயர் எங்கே வரும், இதெல்லாம் முதல் நாளே பேச வேண்டியவை. கேள்வி கேட்டால் பணம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். உருப்படியான கூட்டாளி இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். வெளிநாட்டுக் கூட்டு ஆய்வென்றால், எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் மட்டும் போதாது, மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவான ஹெச்.எம்.எஸ்.சி.யின் அனுமதியும் வேண்டும். தெரியாது என்று இன்னும் சொல்கிறார்கள்! ஓர் அறக்கட்டளை வெளிநாட்டுப் பணத்தை வாங்கிச் சின்ன மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏற்பாடும் எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தோடு முடிந்துவிட்டது. அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவுக்கும் 20 சதவீதம்தான் வரம்பு.

பட்ஜெட்டில் ஒரு கருவியைக் குறைத்து, அந்தப் பணத்தில் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரைப் புள்ளியியலோ நோய்ப்பரவலியலோ படிக்க அனுப்புங்கள். கிராண்ட் முடிந்ததும் அவருக்கு எந்தப் பதவி, சம்பளம் எந்தத் தலைப்பில் என்று டீனிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், டீன் மாறிவிடுவார்.

அப்புறம், ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடும்போதே என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். (இதில் என் சுயநலமும் இருக்கிறது.) அந்தப் பேராசிரியரின் டேட்டா இன்னும் வந்து சேரவில்லை.