எண்டார்ஸ்மெண்ட்: காகிதத்தின் முதுகில் போட்ட கையெழுத்து

தேர்தல் நெருங்கினால் போதும், இந்த நடிகர் அவருக்கு எண்டார்ஸ்மெண்ட் கொடுத்தார், அந்தப் பாடகி இவரை எண்டார்ஸ் செய்தார் என்று செய்திகள் வரிசை கட்டும். முதல் முறை ஓட்டுப் போடப்போகிறவர்கள் கைபேசியில் அதிகம் பார்ப்பதும் இந்தச் செய்திகளைத்தான். சரி, அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

லத்தீனில் 'டோர்சும்' என்றால் முதுகு. ஒரு ஆவணத்தைத் திருப்பி அதன் முதுகில், அதாவது பின்பக்கத்தில் எழுதுவதைக் குறிக்க அதிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்தது, அதுதான் பழைய பிரெஞ்சையும் தொட்டுக்கொண்டு ஆங்கிலத்துக்கு வந்து எண்டார்ஸ் ஆனது. காசோலையின் பின்னால் கையெழுத்துப் போட்டு இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கிறோமே, அதுதான் அசல் எண்டார்ஸ்மெண்ட். தமிழில் இதற்கு மேலெழுத்து, புறக்குறிப்பு என்ற சொற்கள் உண்டு.

இந்தக் கையெழுத்துக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. காசோலை பணமாகாமல் திரும்பினால், 'எனக்குப் பொறுப்பில்லை' என்று தனியாக எழுதி வைத்திருந்தால் தவிர, பின்னால் கையெழுத்துப் போட்டவரிடமும் பணத்தைக் கேட்கலாம். பிறகு சொல் விரிந்து, ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்து நல்லது என்று சொல்வதெல்லாம் எண்டார்ஸ்மெண்ட் ஆனது. விளம்பரத்துக்கு வந்தது, அரசியலுக்கும் வந்தது. பெயரைக் கொடுக்கும் பழக்கம் மட்டும் தொடர்ந்தது, அந்தப் பழைய பொறுப்பு வழியிலேயே நின்றுவிட்டது. வென்றவர் சொன்னதைச் செய்யாவிட்டால் ஆதரித்த நட்சத்திரத்திடம் போய் யாரும் வசூலிக்க முடியாது, இது எனக்கு உண்மையிலேயே உறுத்துகிறது.

அமெரிக்காவில் இது நூறாண்டுப் பழக்கம். 1920இல் பாடகர் ஆல் ஜோல்சன் அதிபர் வேட்பாளர் ஹார்டிங்குக்காகப் பாடினார், 1960இல் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா கென்னடிக்காக. அப்புறம் ஒபாமாவுக்குத் தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே கொடுத்த ஆதரவு, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2008 கட்சி உள்தேர்தலில் ஒபாமாவுக்குச் சுமார் 10 லட்சம் வாக்குகளைக் கூடுதலாகத் தந்தது என்று இரண்டு பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள்.

இளைஞர்களைப் பற்றிப் பேசப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் கதையே பொருத்தம். 2018 அக்டோபரில் டென்னசி மாநிலத்தில் செனட்டுக்கு, அதாவது நாடாளுமன்ற மேலவைக்குப் போட்டியிட்ட ஃபில் பிரெடசனை ஆதரித்து இன்ஸ்டாகிராமில் எழுதினார், வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள் என்றும் கேட்டார். அடுத்த 24 மணி நேரத்தில் நாடு முழுக்கச் சுமார் 65,000 பேர் தங்கள் தளத்தின் வழியே பதிந்ததாக, வாக்காளர் பதிவுக்கு உதவும் வோட்.ஆர்க் அமைப்பு சொன்னது. பிரெடசன் தோற்றார். 2024 செப்டம்பரில் அதிபர் வேட்பாளர் கமலா ஹாரிஸை ஆதரித்தபோது, ஸ்விஃப்ட் கொடுத்த இணைப்பு வழியே ஒரே நாளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரசின் வாக்காளர் தளத்துக்குப் போனார்கள். ஹாரிஸும் தோற்றார். பெயர் பதிவது வேறு, வாக்குச்சாவடிக்குப் போவது வேறு, அங்கே போய் யாருக்குப் போடுவது என்பது இன்னும் வேறு. நட்சத்திரத்தின் சொல் முதல் படிக்கு நன்றாகவே எட்டுகிறது, மூன்றாவது படிக்கு எவ்வளவு எட்டுகிறது என்பதை அளப்பதுதான் கடினம்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மேலெழுத்து காகிதத்தோடு ஒட்டிய சொல், அரசியலுக்குப் பொருந்தாது. புறம் என்று தொடங்கும் சொல்லை இங்கே கொண்டுவந்தால் புறங்கூறுதல்தான் நினைவுக்கு வரும், பொருளே தலைகீழாகிவிடும். ஒப்புதல் என்றால் அனுமதி கொடுப்பதுபோல இருக்கிறது, வேட்பாளருக்கு நட்சத்திரம் எதற்கு அனுமதி தர வேண்டும்? மிஞ்சுவது ஆதரவும் பரிந்துரையும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஆதரவு என்றே எழுதுகின்றன, தவறில்லை. ஆனால் ஆதரவு என்பது வேட்பாளரின் பக்கம் திரும்பிச் சொல்வது, 'நான் உன்னோடு இருக்கிறேன்' என்று. பரிந்துரை என்பது வாக்காளரின் பக்கம் திரும்பிச் சொல்வது. பரிந்து உரைப்பது, இன்னொருவருக்காகப் பரிவோடு பேசுவது. கேட்பவர் ஏற்கலாம், தள்ளலாம், அந்த உரிமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கொண்டுபோகிறோம், எடுப்பதும் விடுவதும் அவர்கள் முடிவு.

அதனால் நட்சத்திரம் தன் நிலையை மட்டும் சொன்னால் 'ஆதரவு தெரிவித்தார்' என்று எழுதலாம். ரசிகர்களைப் பார்த்து இவருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்டால் 'பரிந்துரைத்தார்' என்று எழுதுங்கள். வெறுமனே பெயர் பதியச் சொன்னால் இரண்டுமே வேண்டாம், 'பதியும்படி கேட்டுக்கொண்டார்', அவ்வளவுதான்.